கொன்றவர் பெயரும் செத்தவர் பெயரும்



இரட்டைமலை சீனிவாசனை நினைவுகூர நாம் கூடியிருக்கிறோம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் அவர். 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். மற்றவர்கள் வசையாகச் சொன்ன பெயரைத் தலைப்பில் அச்சடித்து, நாங்கள் இருக்கிறோம், எங்களைக் கணக்கில் எடுத்துக்கொள் என்று அரசுக்குச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் 1945 செப்டம்பர் 2 அன்று முறைப்படி முடிந்தது. அதே மாதம் 18-ஆம் தேதி அவர் மறைந்தார். பெயர், கணக்கு, போர் ஆகிய மூன்றும் இன்றைய உரையில் திரும்பத் திரும்ப வரும்.

பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். துப்பறியும் நாவல்களும் போர் வரலாற்று நூல்களும் நம்மவர்களை ஏன் இழுக்கின்றன என்பதே அது. குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஷிப்டு வண்டியில் போய்வரும் நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டு வகை கண்ணில் படுகிறது. ஒன்று, பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் பாக்கெட் நாவல், அல்லது அதுவே அலைபேசியில். மற்றொன்று ஹிட்லர், ஸ்டாலின்கிராடு, இரண்டாம் உலகப் போர் என்று தடித்த புத்தகம். மருதன் எழுதிய 'இரண்டாம் உலகப் போர்' போன்ற நூல்களை நடுவில் நடுவில் மடித்து வைத்துப் படித்து முடித்தவர்கள் நம்மிடையே உண்டு. சிறுகதையையும் கவிதையையும் கொடுத்தால் 'அப்புறம் படிக்கிறேன் அண்ணா' என்று வாங்கி வைக்கும் தம்பி, கொலைக் கதையை ஒரே இரவில் முடித்துவிடுகிறான்.

நம் இலக்கியத் தோழர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. முன்னது பொழுதுபோக்கு, பின்னது யாரோ வெள்ளைக்காரர்களின் சண்டை, இரண்டிலும் நமக்கென்ன இருக்கிறது என்பார்கள். இந்த இரண்டு வகை நூல்களும் வாசகருக்கு இரண்டு வாக்குறுதிகள் தருகின்றன என்பதும், அந்த இரண்டும் சேரிக்கு நிறைவேற்றப்படாத வாக்குறுதிகள் என்பதும் நாம் முன்வைக்கும் கருத்து. இங்கே செத்தவர் சாவு கேள்வி கேட்கப்படாமல் போகாது, கொன்றவர் பெயர் கடைசிப் பக்கத்துக்குள் சொல்லப்படும் என்பது துப்பறியும் கதையின் வாக்குறுதி. எத்தனை பேர் செத்தாலும் அத்தனை பேரும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருப்பார்கள், தேடினால் கிடைப்பார்கள் என்பது போர் வரலாற்றின் வாக்குறுதி. அந்த வாசிப்பை ஒரு பசி என்று கொண்டால், அது எதற்கான பசி என்று கேட்க வேண்டும்.

1. சின்ன ஊரும் பெரிய மர்மமும்

தமிழில் துப்பறியும் கதை நாவலோடு கூடவே வளர்ந்தது. பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்துக் கதைகள் எழுதிவிட்டார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார் மேலைநாட்டுக் கதைகளுக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் வேட்டியும் உடுத்தினார். ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் அடுத்து வந்தார்கள். 'கும்பகோணம் வக்கீல்' என்ற தலைப்பைப் பாருங்கள். லண்டன் மூடுபனி இல்லை, கும்பகோணத்து வக்கீல். அந்தக் கதையே 1950-ல் 'திகம்பர சாமியார்' என்ற படமாகி, எம்.என். நம்பியார் விதவிதமான வேடங்களில் வந்தார்.

அதற்குப் பிறகு தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த். எண்பதுகளில் பேருந்து நிலையக் கடைகளில் பாக்கெட் நாவல்கள் தொங்கின. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார், பெயரிலேயே ஊரை வைத்திருந்த பட்டுக்கோட்டை பிரபாகர், இரட்டையர்களான சுபா என்று ஒரு தலைமுறையே அவற்றைப் படித்துத்தான் தமிழ் வாசிப்புக்குள் வந்தது. நம் வீடுகளில் முதன்முதலாக எழுத்துக் கற்றவர்கள் பலருக்கும் பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைத்த முதல் புத்தகம் அதுதான். அதற்காக அந்த எழுத்தாளர்களுக்கு நன்றி சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

பெருநகர மர்மத்தைவிடச் சின்ன ஊர் மர்மம் ஏன் கூடுதலாகக் கவர்கிறது? சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' கிராமத்து ஜமீன் வீட்டைச் சுற்றி நடக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' தொலைக்காட்சியில் வந்தபோது கிராமமே கூடிப் பார்த்தது. 2022-ல் வந்த 'சுழல்' தொடர் ஒரு சிமெண்ட் ஆலை ஊரில், மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் நிகழ்கிறது. இவை அனைத்திலும் ஒரு விஷயம் பொது. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தும் யாரும் சொல்லமாட்டார்கள். துப்பறிபவர் வெளியிலிருந்து வந்து அந்த மௌனத்தை உடைக்கிறார். ஊரின் மௌனம் எப்படி இருக்கும் என்று சேரியில் பிறந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கதையின் முதல் அத்தியாயத்திலேயே அவர் அந்த ஊரை அடையாளம் கண்டுகொள்கிறார்.

2. கடைசிப் பக்கம் கிழிந்த கதைகள்

இப்போது நம் வரலாற்றுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். யார் செய்தது என்பதில் ஊருக்கு ஐயமில்லை. கீழ் நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. பெரிய நிலவுடைமையாளர்கள், கார் வைத்திருக்கும் தகுதியுள்ளவர்கள், தாமே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு அமைந்தது. துப்பறியும் நாவலில் இப்படி ஒரு வாதத்தை எழுதினால் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். நாவலில் கண்ணியமானவர்மீதுதான் முதல் சந்தேகமே விழும். கண்ணியம் அங்கே மறைவிடம். நீதிமன்றத்தில் அதுவே சாட்சி.

2015 ஜூன் 23-ல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு போன பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் காணாமல் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. தற்கொலை என்றே முதலில் பேசப்பட்டது. மலைக்கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு இல்லாவிட்டால் அது அப்படியே முடிந்திருக்கும். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் சென்று, கேமரா இருந்த இடங்களையும் படிகளையும் வாயில்களையும் பார்த்தார்கள். 2023 ஜூனில் தண்டனையை உறுதி செய்தார்கள். நாவலில் துப்பறிபவர் முதல் நாளே செய்யும் வேலை அது. நமக்கு அது நடக்க எட்டு ஆண்டுகள் ஆயின, ஒரு தாயின் பிடிவாதமும் தேவைப்பட்டது.

மூன்றாவது வேங்கைவயல். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தத் தலித் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. நூற்றுக்கணக்கானோரை விசாரித்தார்கள், மரபணுச் சோதனை செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தவை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களின் பெயர்கள். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் அதை ஏற்க மறுத்து வேறு விசாரணை கேட்டார்கள். தண்ணீர் குடித்து நோயுற்ற குடியிருப்பே குற்றவாளிக் கூண்டுக்கும் போனது. புகார் கொடுக்கப் போனவரைக் குற்றவாளியாக்கி அனுப்பும் காவல் நிலையம் நமக்குப் பழக்கமான இடம்தான்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் தம்பி ஏன் அந்த நாவலை ஒரே இரவில் முடிக்கிறான் என்பது புரியும். கடைசிப் பக்கம் இருக்கும் புத்தகம் அவனுக்கு வேண்டியிருக்கிறது.

இந்த வடிவத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். துப்பறியும் நாவலின் இலக்கணப்படி குற்றவாளி ஒருவர், ஊர் நிரபராதி. அந்த ஒருவரைப் பிடித்துவிட்டால் ஊர் பழைய அமைதிக்குத் திரும்பும். வன்கொடுமையில் அந்தப் பழைய அமைதிதான் குற்றம். தீ வைத்தவர் சிலர். தீ வைக்கலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தது ஊர். ஒரு வில்லனை நீக்கிவிட்டு 'சுபம்' போடும் கதை நம் கதையை முழுதாகச் சொல்லாது.

3. துப்புத் தெரிந்தவர் யார்?

இன்னொரு கேள்வி. இத்தனை நாவல்களில் நாம் எங்கே இருக்கிறோம்? பெரும்பாலும் வெட்டியானாக, தலையாரியாக, பிணவறை ஊழியராக ஒரே ஒரு வரியில் வருகிறோம். குடித்திருப்பார், பயந்திருப்பார், அவருக்குப் பெயர் இருக்காது. துப்பறியும் நாயகர் அவர் கையில் ஒரு நோட்டைத் திணித்துத் தகவல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு செய்தியை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தம் சாதித் தொகுதிகளில் எடுத்தாள்கிறார். கிராம எல்லையில் தகராறு வந்தால், தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து எல்லைக் கோட்டின்மேல் நடந்து காட்டும்படி சில இடங்களில் பறையரைத்தான் கேட்பார்கள் என்பது அந்தச் செய்தி. எந்த மரம் யாருடையது, எந்த வரப்பு எந்த ஆண்டு நகர்ந்தது, எந்தக் கிணற்றருகே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல் செல்லும். சாவுச் செய்தி கொண்டுபோனவரும், பிணத்தை முதலில் தொட்டவரும், உடலில் காயம் எங்கே என்று கண்டவரும் நம் முன்னோர்கள். இந்த வேலைகள் கட்டாயமாகச் சுமத்தப்பட்டவை; அவற்றைப் பெருமையாகப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் அவற்றோடு வந்த அறிவு நம்முடையது. ஊரின் துப்பெல்லாம் தெரிந்தவர் சேரியில் இருந்தார்; அவர் சொன்னது எல்லைத் தகராறுக்குச் செல்லுபடியானது, கொலைக்குச் செல்லுபடியாகவில்லை.

நம்மில் யாராவது துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்தால் இங்கிருந்து தொடங்கலாம். வெளியூர் மேதை தேவையில்லை. பிணவறையில் உடலைத் திறந்து, அறிக்கையில் எழுதப்பட்டதும் தான் பார்த்ததும் ஒன்றல்ல என்று தெரிந்த ஒருவர் போதும்.

4. எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

போர் வரலாற்றுக்கு வருவோம். போர் என்றால் எங்கோ நடந்தது என்று நினைக்கிறோம். நம் மாவட்டமே போர்க்களமாக இருந்தது. 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் அழித்தார்கள். அடுத்த ஆண்டும் அங்கே சண்டை நடந்தது. வெள்ளை அதிகாரிகளுக்கான நினைவுத் தூண்கள் இன்றும் வயல்வெளியில் நிற்கின்றன. வரலாற்று நூல்களில் அந்த அதிகாரிகளின் பெயர்கள், அவர்கள் எழுதிய கடிதங்கள், அவர்கள் சிறையில் பட்ட பாடு எல்லாம் உண்டு. வண்டி ஓட்டியவர், மூட்டை சுமந்தவர், பல்லக்குத் தூக்கியவர், எரிந்த ஊரில் படியாளாக இருந்தவர் ஆகியோர் பெயர்கள் இல்லை. அதற்குச் சற்று முன்பு, 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்பவர் இந்தச் செங்கல்பட்டு ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். சேரி வீடுகளை எண்ணி எழுதினார். நம் முன்னோர் அங்கே வீட்டு எண்ணிக்கையாக இருக்கிறார்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஆள் அனுப்பிய கிராமங்களில் கல் பதித்தார்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். தமிழ்நாட்டிலும் பழைய கட்டடச் சுவர்களில் அவற்றைப் பார்க்கலாம். அந்தக் கல்லில் பெயர் கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பீமா கோரேகான் இருக்கிறது. 1818 ஜனவரி 1 சண்டையில் இறந்த கம்பெனி வீரர்களின் பெயர்கள் அந்தத் தூணில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றில் 22 பெயர்கள் மகர்களுடையவை. பெயரின் இறுதியில் வரும் 'நாக்' என்ற சொல்லால் அடையாளம் காணலாம். 1927 ஜனவரி 1-ல் அண்ணல் அங்கே சென்றார். வெள்ளையர் தம் வெற்றிக்காக எழுப்பிய தூண், ஒடுக்கப்பட்டோர் ஆண்டுதோறும் கூடும் இடமாக மாறியது. அதில் பெயர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. எண்ணிக்கை மட்டும் இருந்திருந்தால் யார் போய் எந்த எழுத்தைத் தொட்டிருப்பார்கள்? புள்ளலூரில் நமக்குத் தொட எதுவும் இல்லை.

நம் பக்கத்திலும் படைவீரர்கள் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகள் ஆகியவற்றில் பறையர்கள் கணிசமாகச் சேர்ந்தார்கள். சாலை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணி அகற்றுவது, தேவைப்பட்டால் சண்டையும் போடுவது அவர்கள் வேலை. 61-வது பயனியர் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா வரை போனது. இதற்கிடையே ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் 'போர்க்குணச் சாதி' என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்து தெற்கத்தியரை ஓரங்கட்டினார்கள். மதராஸ் பயனியர்களை 1933-ல் கலைத்தார்கள். சுபேதாரின் மகனான அம்பேத்கருக்குப் படைக்கதவு மூடப்படுவது என்றால் என்னவென்று தெரியும். ஊருக்குள் கிடைக்காத பள்ளிக்கூடமும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. மகர் படைப்பிரிவு 1941-ல் மறுபடி எழுந்ததற்குப் பின்னால் அவருடைய இடைவிடாத வாதமும் இருந்தது.

காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியின் மின்யானோவில் வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். நம் மாவட்டப் பள்ளிகளில் எத்தனை மாணவருக்கு அந்தப் பெயர் தெரியும்?

5. எழுபதாயிரம் என்ற பிழை

போர் வரலாற்றின் வாக்குறுதி எங்கே உடைகிறது என்பதற்குச் சயாம் மரண ரயில் ஒன்றே போதும். 1942 முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியப் படை, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையைப் போட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குக் கல்லறைகள் உள்ளன, பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் உண்டு. இதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? 1,80,000 முதல் 2,50,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என்கிறார்கள்.

அந்த மதிப்பீட்டைக் கவனியுங்கள். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இடையில் 70,000 பேர் இருக்கிறார்கள். கைதிகளை ஒவ்வொருவராக எண்ண முடிந்தது. கூலிகளின் கணக்கில் பிழையே எழுபதாயிரம் மனிதர்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையினர். கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறிய குடும்பங்கள் அவை, அவற்றில் கணிசமானவை நம் சேரிகளிலிருந்து போனவை. உலகம் பார்த்த 'குவாய் ஆற்றுப் பாலம்' படம் 1957-ல் வந்தது. அது வெள்ளைக் கைதிகளின் கதை. தமிழர் கதையை 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதி 1993-ல் வெளியிட்டார். வரலாறு எண்ணாமல் விட்டவர்களை நாவல் எண்ண வேண்டியதாயிற்று.

பர்மாவும் அப்படித்தான். 1942-ல் ஜப்பான் படை முன்னேறியபோது ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். பெரும்பகுதியினர் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள். வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பாதைகளே பிரிந்திருந்தன. ஹியூ டிங்கர் 1975-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் மறக்கப்பட்ட நெடும்பயணம் என்றே பெயரிட்டார். பேய்லியும் ஹார்ப்பரும் 2004-ல் எழுதிய 'மறக்கப்பட்ட படைகள்', யாஸ்மின் கான் 2015-ல் எழுதிய இந்தியப் போர்க்கால வரலாறு, ஸ்ரீநாத் ராகவனின் 2016-ஆம் ஆண்டு நூல் ஆகியவை தளபதிகளைத் தாண்டி, சாலை போட்ட கூலிகளையும் சமையல்காரர்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் பார்க்கத் தொடங்கின. நம் மாணவர்கள் இந்த நூல்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆங்கிலம் கடினமென்றால் நாலைந்து பேர் சேர்ந்து அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

அறிஞர் ஒருவர் துப்பறிபவரைப் போல உழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. போரில் இறந்த எல்லோரையும் சமமாக நினைவுகூர்கிறோம் என்று சொல்லி வந்தது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம். பேராசிரியர் மிஷல் பாரெட் அதன் பழைய கோப்புகளைப் புரட்டி, ஆப்பிரிக்கரையும் இந்தியரையும் பெயரில்லாமல் விட்ட முடிவுகளை வெளிக்கொணர்ந்தார். டேவிட் லாமி 2019-ல் அதைத் தொலைக்காட்சி ஆவணப்படமாக்கினார். 2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர்வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரின்றியோ சற்றும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. நூறாண்டுக்குப் பின் ஒரு கோப்பு பேசியது. போர் வரலாறும் துப்பறியும் கதையும் ஒன்றாகும் இடம் இது. இரண்டும் நம்பச் சொல்வது ஒன்றைத்தான்: சான்று அழியாது, தேடுகிறவர் வந்தால் அது பேசும்.

அதே ஆணையம் பராமரிக்கும் கல்லறைத் தோட்டம் குன்றத்தூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் அங்கே உள்ளன. வெட்டிய புல், வரிசைக் கற்கள், வாசலில் பதிவேடு. நம் மாணவர்கள் ஒருநாள் அங்கே போய் ஒரு மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். ஓர் அரசு தன் இறந்தவர்களை மதிக்க நினைத்தால் எப்படி மதிக்கும் என்று தெரியும். அதன் பிறகு நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதைக்காக எத்தனை முறை மனு கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. எங்கள் தோழி எங்கே?

இவையெல்லாம் பழைய கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் நம் தொழிற்பகுதியின் ஒரு பெண் தொழிலாளர் விடுதியில் உணவு கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. அறைத்தோழிகள் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். சம்பள உயர்வுக்காக அவர்கள் உட்காரவில்லை. 'எங்கள் தோழி எங்கே, உயிரோடு இருக்கிறாளா, காட்டு' என்று கேட்டார்கள். சிகிச்சையில் இருந்தவர்களை அலைபேசிக் காணொளியில் காட்ட வேண்டியிருந்தது. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

வதந்தியை நம்பினார்கள் என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கக் கூடாது. சாவு நடந்தால் மறைத்துவிடுவார்கள் என்று நம்புவதற்கு அவர்களுக்கு வரலாறு காரணம் தந்திருக்கிறது. அவர்கள் கேட்டது துப்பறியும் கதையின் கேள்வி, போர் வரலாற்றின் கேள்வி: யாருக்கு என்ன ஆனது, பெயர் சொல். ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்யும் நம் தம்பியின் பெயரும், பக்கத்தில் வேலை செய்யும் ஒடிசா, ஜார்கண்டு தொழிலாளியின் பெயரும் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன என்பது அதே கேள்வியின் இன்னொரு வடிவம்.

7. செய்ய வேண்டியவை

வாசிப்பு இத்தோடு நின்றால் அது பொழுதுபோக்குத்தான். நம் அமைப்பின் முன் நான்கு வேலைகளை வைக்கிறோம்.

முதலாவது, வீட்டுப் பெட்டிகளைத் திறப்பது. ஒவ்வொரு சேரியிலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றோ 'ரங்கூன்காரர் வீடு' என்றோ ஒரு வீடு இருக்கும். அங்கே பணிவிடுப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், பதக்கம், மலாயாக் கடிதம் ஏதாவது கிடக்கும். படமெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு, யார் சொன்னது என்று எழுதி வைப்போம். கரையான் நமக்காகக் காத்திருக்காது.

இரண்டாவது, நம் பகுதியில் நடக்கும் ஒவ்வொரு சந்தேகச் சாவுக்கும் கோப்பு உருவாக்குவது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15அ பிரிவின்படி, பாதிக்கப்பட்டவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழான வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். இவை நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பிணக்கூறாய்வு அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நிலத்தின் துப்பு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் 1891-ல் எழுதிய குறிப்பிலிருந்துதான் 1892-ன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1994 அக்டோபர் 10-ல் காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நம் தொழிற்பகுதியில் ஒரு சதுர அடி என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். எந்தச் சர்வே எண் ஒருகாலத்தில் பஞ்சமி நிலமாக இருந்தது என்று பழைய அ-பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல நம்மிடம் நாலு பேராவது வேண்டும்.

நான்காவது, எழுதுவது. நாவலாகவும் எழுதலாம், ஊர் வரலாறாகவும் எழுதலாம். ஆனால் பெயரோடு எழுத வேண்டும். 'இறந்தவர்கள் சிலர்' என்று எழுதக் கூடாது. வெண்மணியில் 44 என்பது எண். அந்த 44 பெயர்களையும் சொல்லத் தெரிந்த பிறகுதான் நாம் வெண்மணியைப் படித்தவர்கள் ஆவோம்.

இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கையை 1939-ல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தாமே எழுதி வெளியிட்டார். தம் கதையைப் பிறர் எழுதுவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. கொன்றவர் பெயரையும் செத்தவர் பெயரையும் நமக்காக வேறு யாரும் எழுதித் தரப்போவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் கூடும்போது, இங்கிருக்கும் ஒவ்வொருவரும் தம் சேரியிலிருந்து ஒரு பெயரையும் அதற்கான ஒரு சான்றையும் கொண்டு வாருங்கள். அவற்றைத் தொகுத்து அச்சிடும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.

ஜெய்பீம்.